இருந்து நடத்தலும் சென்று நடத்தலும்

அதிகாரம் என்னும் சொல்லோடு எனக்குத் தொழில் வழியாக வந்த பழக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுடையது. தொல்காப்பியத்தின் மூன்று பெரும்பகுதிகளும் அதிகாரங்கள். திருக்குறளுக்கு 133 அதிகாரங்கள். கண்ணகியின் கதை தன் பெயரிலேயே அதிகாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க எழுந்தால் அங்கும் இத்தனையாம் அதிகாரம், இத்தனையாம் வசனம் என்றுதான் தொடங்க வேண்டும். புத்தகத்தின் ஒரு பகுதிக்கும் பிறரை ஏவுகின்ற ஆற்றலுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று முதலாமாண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. பழைய உரைமரபில் அதற்கு விடை இருக்கிறது.

ஓரிடத்தில் சொல்லப்பட்ட ஒன்று, தனக்குப் பின்வரும் சூத்திரங்களின் மேலும் செல்லுபடியாவதையே இலக்கண நூலார் அதிகாரம் என்றார்கள். அது இருவகைப்படும் என்று கூறி உரைகாரர்கள் இரண்டு உவமைகளையும் தந்தார்கள். வேந்தன் தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டே நாடு முழுவதும் தன் ஆணை நடக்கும்படி செய்வான். அது போன்றது ஒருவகை. படைத்தலைவன் தானே ஒவ்வோர் இடத்திற்கும் சென்று காரியத்தை நடத்துவான். அது போன்றது இன்னொரு வகை. முன்னது இருந்து நடத்துவது, பின்னது சென்று நடத்துவது. இலக்கணத்தைப் பொறுத்தவரை இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. சூத்திரங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் சபையின் தேர்தலில் சேகரக் குழுவிற்கு என்னையும் ஓர் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். புதிய உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் ‘கிறிஸ்தவத் தலைமையும் அதிகாரமும்’ என்ற தலைப்பில் அரைமணி நேரம் பேசும்படி சொன்னார்கள். தமிழாசிரியர்களிடம் அரைமணி நேரம் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. பேச நினைத்ததில் பாதி மிஞ்சிவிட்டது. கூட்டத்தில் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் இங்கே கலந்து வருகின்றன.

முதலில் சில சொற்கள். கிறிஸ்தவம் தமிழுக்கு வந்தபோது தலைமையைக் குறிக்கப் புதிய சொற்கள் பல ஆக்கப்படவில்லை. ஊரில் புழங்கிய சொற்களே எடுத்தாளப்பட்டன. பேராயரைச் சுட்டும் கிரேக்கச் சொல்லுக்கு ‘மேற்பார்வையாளர்’ என்று பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு விவிலியத்தில் பவுலின் கடிதங்களில் அது ‘கண்காணி’ என்று வருகிறது. அழகான சொல்தான், கண்ணால் காண்பவர், கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொள்பவர். ஆனால் அதே சொல் இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போய் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி, காப்பித் தோட்டத்திற்கும் பிறகு தேயிலைத் தோட்டத்திற்கும் அழைத்துச் சென்றவர் கங்காணி. வேலைக்கு வருகின்ற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. மலையகத்தின் எழுத்துகளைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லில் இன்னும் பிரம்பின் ஓசை கேட்கும். ஒரே சொல் ஒருபுறம் சபையின் மேய்ப்பருக்கு, மறுபுறம் கூலிக்காரர்களை எண்ணிக் கொண்டுபோனவருக்கு. கண்ணால் காண்பது என்ற செயல் இரண்டுக்கும் பொது. எதற்காகக் காண்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

‘ஊழியம்’ இன்னும் கசப்பானது. இன்று ஊழியம் என்றால் இறைப்பணி, ஊழியக்காரர் என்றால் போதகர். சில சுவரொட்டிகளில் ஊழியக்காரரின் படம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய வேலை. நாடார், ஈழவர் முதலிய சமூகத்தார் அதைச் செய்தார்கள். கிறிஸ்தவர்களான ஊழியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு வேண்டும் என்பதற்கே கர்னல் மன்றோ காலத்தில் தனியாக ஆணை தேவைப்பட்டது. அப்படிப்பட்ட சொல்லைத் தலைமைக்குச் சூட்டியபோது அதில் ஓர் அதிர்ச்சி இருந்திருக்க வேண்டும்: உங்கள் தலைவர் கூலி வாங்காமல் உங்களுக்காகச் சுமை தூக்குபவர் என்று. அந்த அதிர்ச்சி தேய்ந்து, சொல் மட்டும் பட்டமாய் எஞ்சிவிட்டது.

நிற்க. சொற்களைவிட்டு மனிதர்களுக்கு வருகிறேன்.

இருந்து நடத்தும் அதிகாரத்துக்கு நம் திருச்சபை வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. கல்கத்தாவின் பேராயராக இருந்த டேனியல் வில்சன் 1833 ஜூலையில் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை இனி இருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். படிப்படியாக என்ற சலுகை அதில் இல்லை. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அது வாசிக்கப்பட்டபோது பெரும் கலகம் மூண்டது. வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இவ்விஷயத்தில் நெகிழ்வாக நடந்துகொண்டதால் அவர்களுள் பலர் அங்கே சேர்ந்தார்கள். தஞ்சைச் சபையின் பெருங்கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அதற்கு முன்பே, 1820களின் இறுதியில், இளைய மிஷனெரிகள் கொண்டுவந்த மாற்றங்களோடு மோதி, சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தார்.

சாஸ்திரியாரின் கவிதையை வகுப்பில் பாராட்டிப் பேசுகிற நான் இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்க முடியாது. திருவிருந்தில் ஒரே கிண்ணத்திலிருந்து பருக மறுப்பவர் அந்தக் கிண்ணத்தின் பொருளையே மறுக்கிறார். வில்சன் சொன்னது சரி. தாமதமாகச் சொன்னார் என்று வேண்டுமானால் குறை கூறலாம். ஆயினும் அந்தச் சுற்றறிக்கையை நினைக்கும்போது எனக்கு உரைகாரர் காட்டிய வேந்தன்தான் நினைவுக்கு வருகிறான். ஆணை கல்கத்தாவிலிருந்து வந்தது. வில்சன் பின்னர் தெற்கே சுற்றுப்பயணம் வந்தார், தஞ்சைக்கும் வந்தார், திரும்பிப் போனார். மறுநாள் காலையில் அதே தெருவில், அதே கிணற்றடியில் வாழவேண்டியிருந்தவர்கள் வேறு. ஆணை நீதியானதாக இருந்தால் மட்டும் போதுமா, அதைப் பிறப்பித்தவர் அதன் விளைவுக்குள் குடியிருக்கவும் வேண்டுமா? வெளியேறியவர்கள் நீதிக்குப் பயந்து வெளியேறினார்கள் என்பதே என் கருத்து. ஆனால் உள்ளேயே தங்கியவர்களிடமும் சாதி தங்கிவிட்டது என்பதை இன்று எந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைப் பார்த்தாலும் அறியலாம். சுற்றறிக்கை போய்ச் சேராத இடங்கள் இருக்கின்றன.

சென்று நடத்திய அதிகாரத்துக்கு நான் காட்ட விரும்புபவர் எங்கள் பக்கத்து மனிதர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்டு 17 அன்று ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஊரில் அவர் பெயரைச் சொன்னால் ‘முதல் இந்தியப் பேராயர்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆங்கிலிக்கன் சபையைப் பொறுத்தவரை அது சரிதான்; 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் பெற்றார். ஆனால் ‘முதல்’ என்ற சொல் ஒருவரைச் சிலையாக்கிவிடுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் பேசிய ஒரு பேச்சுதான் எனக்கு முக்கியம்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள். அவர்களுள் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அந்நியப் பணியாளரும் உள்ளூர்ப் பணியாளரும் இணைந்து வேலை செய்வது பற்றிப் பேச முப்பத்தைந்து வயது அசரியாவுக்கு வாய்ப்பளித்தார்கள். நன்றி சொல்லிவிட்டு அமர்ந்திருக்கலாம். அவரோ, நீங்கள் எங்களுக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்தீர்கள், ஆனால் எங்களை உங்கள் வீட்டு மேசைக்கு அழைக்கவில்லையே என்ற பொருளில் பேசினார். எசமானராக இரக்கம் காட்டுவது வேறு, சமமாக அமர்ந்து உண்பது வேறு என்று எடுத்துரைத்தார். முடிவில் அவர் கேட்டது பணமன்று, பதவியன்று. நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவையில் சிலர் முகம் சுளித்தார்கள். இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர், செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை வேந்தனுக்கு உரியதாக வைக்கிறார். எடின்பரோவில் பலருக்கு அன்று அந்தப் பாடம் நடந்தது.

இந்தப் பேச்சு நூறு ஆண்டுகளாகப் பாராட்டப்பட்டு வருகிறது. எனக்கு எழும் கேள்வி வேறு. கீழே இருந்துகொண்டு மேலே இருப்பவரிடம் நட்பைக் கேட்பது துணிவுதான். கேட்டவரே மேலே போய் அமர்ந்த பின் என்ன செய்தார்? நம் பொதுவாழ்வில் எதிர்க்கட்சி வரிசையில் அழகாகப் பேசியவர்களின் பட்டியல் நீளமானது. அதனால்தான் அசரியாவின் டோர்ணக்கல் ஆண்டுகளைத் தேடிப் படித்தேன்.

டோர்ணக்கல் நிஜாமின் ஐதராபாத் இராச்சியத்தில் ஓர் இரயில் சந்திப்பு. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் தங்கள் காணிக்கையைக் கொண்டே தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் அங்கேதான் பணித்தளம் அமைத்தது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரே அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே செலவு செய்து பிற இடங்களுக்குப் பணியாளரை அனுப்புவதைக் கண்டார். நம்மவரால் ஏன் முடியாது என்று ஊர் திரும்பினார். பிறரை அனுப்பிவிட்டுச் செயலாளராக மேசையருகில் இருந்திருக்கலாம். 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுக் குருவாக அபிஷேகம் பெற்றுத் தானே அங்கே போனார். தெலுங்கு கற்றார்.

அவரைப் பேராயராக்க முனைந்தவர் மதராஸ் பேராயர் ஹென்றி வைட்ஹெட் (தத்துவ மேதை ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டின் தமையனார்). இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் பணிபுரிவதா என்று எதிர்ப்பு எழுந்தது. ஆகவே தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட மறைமாவட்டம் சிறியது; ஐரோப்பிய மிஷனெரிகள் அதிகம் இல்லாத பகுதியாகப் பார்த்துப் பிரித்தார்கள். பின்னர்தான் அது விரிந்தது. நாற்காலியைக் கொடுத்துவிட்டு அதன் கால்களைக் குறைத்துக் கொடுப்பது என்று இதைச் சொல்லலாம். அரசுக் கல்லூரியாயினும் தனியார் கல்லூரியாயினும் துறைத்தலைவியாக அமர்ந்த பெண்களுக்கு இந்த நாற்காலியை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய மறைமாவட்டத்து மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். நிலமற்ற கூலிகள், தமக்குள்ளும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாதவர்கள். பேராயர் மாட்டுவண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கு பேய்களைப் பற்றி அவர்களிடம் கேட்பது அவர் வழக்கம். உபதேசம் கேட்டீர்களா என்பதோடு கடன் எவ்வளவு என்றும் கேட்ட பேராயர் அவர். அந்தச் சமூகங்களிலிருந்தே குருமாரை உருவாக்கினார். இறையியல் மாணவர்கள் மனைவி மக்களோடு வந்து கிராமத்து வாழ்க்கைக்கு ஒத்த எளிய வீடுகளில் தங்கிப் பயின்றார்கள். மனைவியருக்கும் பயிற்சி உண்டு. இந்தப் பக்கத்தைச் சுமந்தவர் அவர் துணைவியார் அன்பு மரியம்மாள். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை அசரியா ஒரு செயல் செய்யச் சொல்வார். அவரவர் கையை அவரவர் தலையில் வைத்துக்கொண்டு, நான் திருமுழுக்குப் பெற்றவன், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் சொல்லைத் தம் சொல்லாகக் கூற வேண்டும். சபை மரபை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். தலையில் கை வைப்பது பேராயரின் உரிமை. குருப்பட்டம் தருவதும் திடப்படுத்தல் தருவதும் அந்தக் கையால்தான். பேராயரின் அதிகாரம் முழுவதும் அவருடைய இரண்டு உள்ளங்கைகளில் இருக்கிறது என்றே சொல்லலாம். தலைமுறை தலைமுறையாய்த் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கப்பட்ட கைகளை அவர் எடுத்து அவரவர் தலையிலேயே வைக்கச் சொன்னார். தன் கையை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கண்காணி என்ற சொல்லை இந்தக் காட்சியில் வைத்துப் பார்க்க எனக்குத் தடையில்லை.

இதை எழுதும்போதே எதிர்வாதமும் தெரிகிறது. அசரியா மென்மையான நண்பராக மட்டும் இருக்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் கண்டிப்பானவர். தமிழ்நாட்டு நாடார் ஒருவர் தெலுங்கு தேசத்துத் தலித் மக்களை நடத்தினார் என்பதில் ஒரு மேட்டிமையும் இருக்கத்தான் செய்யும். மாலா–மாதிகா பிணக்கு அவர் காலத்திலும் தீர்ந்துவிடவில்லை. மதமாற்றத்தைக் குறித்துக் காந்தியடிகளோடு அவருக்கு உடன்பாடில்லை. காந்தியடிகளுக்கும் அவரோடு உடன்பாடில்லை. ஆனால் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி தருவதாக ஆங்கில அரசு சொன்னபோது வேண்டாம் என்று எதிர்த்தவரும் அவரே. தன் மக்களுக்குக் கிடைக்கவிருந்த ஓர் அதிகாரத்தைத் தலைவர் ஒருவர் மறுக்கலாமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். வேலியிட்டுக்கொண்டால் சபை ஒரு சாதியாகிவிடும் என்று அசரியா அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது என்பதே என் விடை. நண்பர் ஏற்கவில்லை. எங்கள் உரையாடல் அந்த இடத்தில் நிற்கிறது.

ஏன் இவ்வளவு தூரம் இதில் ஈடுபடுகிறேன் என்று கேட்கலாம். சபையில் அதிகாரம் நடக்கும் முறையை நான் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் இறுதியில் எங்கள் தேரிக்காட்டு ஊரில் ஒரு குருவானவர் இருந்தார். மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அன்று கணக்கு வாசிப்பு. காணிக்கை இவ்வளவு, பிடியரிசி ஏலம் போனது இவ்வளவு, உபதேசியார் சம்பளம் இவ்வளவு என்று அவரே வாசிப்பார். ஒரு சனவரியில் மார்கழிப் பஜனைச் செலவு வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, ஓலைப்பெட்டி முடைந்து பிழைக்கும் ஒரு பாட்டி எழுந்தார்.

“ஐயரே, ஒரு பெட்ரோமாக்ஸுக்கு இம்புட்டு மண்ணெண்ணெயா? விடியங்காட்டியும் எரிச்சாலும் இவ்வளவு குடிக்காதே!”

ஆண்கள் பக்கம் சிரிப்பு. பெரியவர் ஒருவர், “ஏ கிழவி, உக்காரு” என்று அதட்டினார். குருவானவர் பாட்டியைப் பார்க்காமல் அந்தப் பெரியவரைப் பார்த்தார்.

“அவங்க கேக்கட்டும் அண்ணாச்சி. பிடியரிசி அவங்க வீட்டுலயிருந்தும் வருதுல்லா?”

பிறகு பீடத்தின் படியிலிருந்து இறங்கி நடைபாதையில் பாதி தூரம் வந்து, ரசீதுக் கட்டைப் பிரித்துத் தேடினார். இரண்டு விளக்குகள் எரிந்திருந்தன. கணக்கில் ஒன்று என்று எழுதியிருந்தது. “ரெண்டு வெளக்குப் பாட்டி. எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சி. திருத்திக்கிடுதேன்” என்றார். பாட்டி, “அப்பஞ் சரி” என்று அமர்ந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் என் தகப்பனார், அவர் பெரிய படிப்புப் படித்தவர் என்று மட்டும் சொன்னார். அப்போது எனக்கு அது புரியவில்லை. தொடர்பில்லாமல் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

மற்றது பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு நகரத்துச் சபையில். பெரிய கட்டடம், வணிக வளாகம், வாடகை வருமானம். ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வளாகத்தின் வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், நான் அங்கே இருந்தேன். பதில் அன்று சொல்லப்படவில்லை. அடுத்த வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சந்தா பாக்கி என்று காரணம் காட்டினார்கள். அவர் ரசீதைக் காட்டினார். மேல்முறையீட்டுக்கான நாள் கடந்துவிட்டது என்றார்கள். அவர் வழக்குக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார், வழக்கமான இடத்தில் அமர்ந்தார், காணிக்கை போட்டார். அவர் அமர்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை. திருச்சபை வழக்குகள் நீதிமன்றம் ஏறுவதும், ஓய்வுபெற்ற நீதிபதிகள் திருச்சபைக்கு நிர்வாகிகளாக அமர்த்தப்படுவதும் நாம் செய்தித்தாளில் வாசிப்பவைதாம். வழக்கு எண் பெறாத இத்தகைய சிறிய வெளியேற்றங்கள் எத்தனையோ.

இவ்விரண்டையும் நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவிடுவது எளிது. இரண்டாவது இடத்தில் இருந்தவர்களும் நோயாளிகளைப் பார்க்கப் போவார்கள், உருக்கமாக ஜெபிப்பார்கள். வேறுபாடு அமைப்பிலும் இருந்தது. கிராமத்தில் கணக்கு, கேட்பவர்களின் நடுவில் வாசிக்கப்பட்டது. நகரத்தில் அச்சிட்ட ஆண்டறிக்கையாக வந்தது. அறிக்கை இருந்த இடத்திலிருந்தே நடத்தும். அதனிடம் யாரும் எழுந்து நின்று கேட்க முடியாது. ‘வெருவந்த செய்யாமை’ என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். பிறர் அஞ்சும்படியானவற்றைச் செய்யாதிருத்தல். அச்சத்திற்கு ஆயுதம் வேண்டியதில்லை. ஒரு பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்தால் போதும், மற்ற பெயர்கள் தாமே அடங்கிவிடும்.

அசரியா இதை எவ்வளவு தூரம் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் உழைத்த ஒன்றிப்புத் திட்டத்தைப் பார்க்கலாம். 1919இல் தரங்கம்பாடியில் ஒருசில மிஷனெரிகளும் பெரும்பான்மை இந்தியக் குருமாருமாகக் கூடித் தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டபோது அவர் அதில் முன்னின்றார். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை. பேராயர் இல்லாத மரபினரும் பேராயர் உள்ள மரபினரும் ஒன்றாவதற்குப் பேராயரின் அதிகாரமே பெரிய தடை. முடிவில் கண்ட வழி, பேராயர் இருப்பார், ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு இருப்பார். மறைமாவட்டப் பேரவைக்கு அவரைத் தெரிவு செய்வதில் பங்கு உண்டு என்பது. தன் பதவியின் எல்லையை வரைந்துகொள்ளத் தானே முன்வந்தவர்களுள் அவர் ஒருவர். 1945 சனவரி 1 அன்று டோர்ணக்கலில் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அவர் பார்க்கவில்லை. அவர் பொறுப்பில் இருந்த நந்தியால் பகுதியின் ஆங்கிலிக்கன் மக்கள் 1947இல் அந்த ஒன்றிப்பில் சேர மறுத்து வெளியே நின்றார்கள், எழுபதுகளில்தான் இணைந்தார்கள். சென்று நடத்தியவரின் சொல்லும் எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. அந்த நந்தியால் மறைமாவட்டத்தில்தான் 2013இல் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

எங்கள் சேகரக் குழுவின் முதல் கூட்டத்தில் நான் வைத்த தீர்மானம் ஒன்றே. மாதக் கணக்கை ஆராதனை முடிவில் வாசிக்க வேண்டும், கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். நேரம் போதாது என்றார்கள். காணிக்கைப் பாட்டில் ஒரு சரணத்தைக் குறைக்கலாம் என்றேன் (பாடகர் குழுவின் பகையைச் சம்பாதித்தேன்). வெளியாட்கள் முன்னால் கணக்கா என்றார்கள். கடைசியில் குருவானவரே, மூன்று மாதம் செய்து பார்ப்போம் என்று முடித்தார். பொருளாளர் மட்டும் மனம் ஒப்பாமல், “டீச்சரம்மா, இவ்வளவு பெரிய கோயில்ல பின்னாலயிருந்து யாராவது கேட்டா எனக்குக் காதுல விழாதே” என்றார். உண்மைதான். இருப்பது இரண்டு ஒலிவாங்கிகள். ஒன்று பீடத்தில், ஒன்று பாடகர் குழுவிடம். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் கையிலெடுத்துப் பேசும் ஒலிவாங்கி ஒவ்வொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மூன்று கடைகளில் விலை விசாரித்தாயிற்று. அதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதில் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.